நண்டுதின்னியைப் பார்த்த இருவர்

பங்குனி வெயிலில் உப்பங்கழி வற்றத் தொடங்கிவிட்டது. காய்ந்து அழுகும் பாசியின் வாடை இன்று மூன்றாம் வகுப்பு சன்னல் வழியே வந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் சன்னலைச் சாத்தவில்லை. இந்த வாடை வரும்போதுதான் உன்னை நினைக்கிறேன் என்று எழுதினால் அது பொய். மற்ற மாதங்களிலும் நினைப்பு வரும், எப்படியாவது தப்பித்துக்கொள்கிறேன். இந்த மாதத்தில் முடிவதில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் கழித்து நீ எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்தாய். கமுதிப் பக்கத்து மிளகாய்க்காட்டில் வளர்ந்தவள். அதுவரை கடலைப் பார்த்ததில்லை. என் வயதுதான் உனக்கும். ஆனால் பதினேழிலேயே கணவனை இழந்திருந்தாய். உன் வகுப்பும் என் வகுப்பும் அடுத்தடுத்து. ஒரு மாதத்தில் ‘வாங்க டீச்சர்’ போய் ‘வாடி’ ஆகிவிட்டது.

கடலோரத்தில் பிறந்த எனக்கு உள்ளான் என்றால் வலையில் சிக்கினால் குழம்புக்கு ஆகும் பறவை, அவ்வளவுதான். நீதான் காட்டினாய். “ஏடி, இதுக நெஞ்சுல செவப்பு ஏறுது பாரு. தையில சாம்பலால்ல இருந்துச்சு?” பள்ளி விட்டதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ சேற்றில் இறங்குவாய், நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வருவேன். சித்திரை பிறந்ததும் அவை கூட்டம் கூட்டமாக வடக்கே கிளம்பும். “போறதுக்கு ஒரு ஊரு இருக்கு பாரு, அதுகளுக்கு” என்பாய்.

மூன்றாவது பங்குனியில் அது வந்தது. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, நீண்ட சாம்பல்நிறக் கால், தடித்த கறுப்பு மூக்கு. ஒரு நண்டைப் பிடித்து உதறி, கால்களைப் பிய்த்துப்போட்டு விழுங்கியது. ஊர்ப் பெரியவர்கள்கூட அதைப் பார்த்ததில்லை என்றார்கள். நண்டுதின்னி என்று நீயே பெயர் வைத்தாய்.

மணல்திட்டில் அப்போது நில அளவைக்காரர் ஒருவர் கூடாரம் போட்டிருந்தார். உன் ஆர்வத்தைப் பார்த்துத் தன் தொலைநோக்கியைக் கொடுத்தார். முதலில் நீ பார்த்தாய், பிறகு நான். ஒன்பது நாள் போனோம். ஒன்பது நாளும் நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். அந்த மனிதர் பறவையைத் தவிர வேறெதையும் உன்னிடம் பேசியதில்லை.

ஊர் வேறு மாதிரி பேசியது. தாலியறுத்தவளுக்குக் கூடாரத்துப் பக்கம் என்ன வேலை என்று கேட்டது. அந்தப் பேச்சில் என் பெயர் வரவில்லை. நான் உள்ளூர்ப் பெண்.

தாளாளர் உன்னை அழைத்து விசாரித்தார். “பறவை பாக்கப் போனேன். இவளுந்தான் கூட வந்தா, இவளும் பாத்தா. கேட்டுப் பாருங்க” என்றாயாம். என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். அன்று காலையிலேயே என் அய்யா சொல்லியிருந்தார்: “அவ கூடப் போனேன்னு வாயத் தொறந்தே, பாம்பன்காரங்க வெத்தல மாத்த வரமாட்டாக.” பாம்பனில் எனக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க கூடப் போனீங்களா, டீச்சர்?”

நீ என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் துளிக் கலக்கம் இல்லை. என்னை அவ்வளவு நம்பியிருந்தாய்.

“இல்லைங்கய்யா. நான் போகல. அப்பிடி ஒரு பறவையையும் பாக்கல.”

முதல் பொய்யே போதுமாயிருந்தது. இரண்டாவதை யாரும் கேட்கவில்லை.

அந்த வாரமே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பஸ்ஸுக்கு நின்ற உன்னிடம் வந்தேன். திட்டுவாய் என்று நினைத்தேன்.

“நெசமாவே நீ பாக்கலையாடி?”

“பாத்தேன்.”

“அத இங்கன வந்து எங்கிட்ட எதுக்குச் சொல்ற?”

பஸ் வந்தது, ஏறிக்கொண்டாய்.

அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு மிளகாய்ப்பழம் பறித்தாய் என்று கேள்விப்பட்டேன். இருமல் என்று கேள்விப்பட்டேன். ஐந்தாவது வருடம் நீ இறந்த செய்தியும் ஒரு மாதம் கழித்துக் காதில் விழுந்ததுதான். அதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இதுதான் முதல் கடிதம்.

பாம்பன்காரரையே கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர். ஒருநாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இதுக்கா பொய் சொன்ன? குருவி பாக்கப் போனதுக்கு நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?” என்றார். அவர் கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா என்று அன்று தோன்றியது.

போன வாரம் மதராஸிலிருந்து ஒருவர் பள்ளிக்கு வந்தார். பறவைகளைப் பற்றி எழுதுகிறவராம். ஒரு படத்தைக் காட்டி, “இந்தக் கரையில இதை யாராவது பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார். நம் நண்டுதின்னி. உன் பெயரைச் சொன்னேன். கழியைச் சொன்னேன், ஒன்பது நாளையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அவங்களைப் பார்க்க முடியுமா?”

“இறந்துட்டாங்க.”

“நீங்களும் நேர்ல பார்த்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்ப உங்க பேர்லயே எழுதிக்கிறேன். உங்ககிட்டயே நேரா கேட்டதுன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

முதலில் பார்த்தது அவள்தான், அவள் பெயரை எழுதுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மற்ற ஆசிரியர்கள் சுற்றி நின்று என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் பெயருக்கு இங்கிலீஷ் எழுத்து கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

அன்றைக்குத் தாளாளரிடம் பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். அய்யாமேல் பழி போட்டேன். ஊர்மேல் போட்டேன். போன வாரம் என்னை யாரும் மிரட்டவில்லை.