தங்கமணி சிம்பாங்

14 ஜூலை 2025, திங்கள்

நிரலில் தங்கமணியைக் காணவில்லை.

தங்கமணி எங்கள் பூனை. எங்கள் தேவாலயத்து ரோனால்ட் அண்ணனும் நானும் செய்யும் ‘ஏறுமிடம்’ செயலிக்கு நான் எதை எழுதினாலும், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ‘தங்கமணி சிம்பாங்’, அதாவது தங்கமணி முச்சந்தி, என்று இல்லாத ஒரு பஸ் நிறுத்தத்தைப் போட்டுத்தான் சோதிப்பேன். ரோனால்ட் அண்ணன் இணையத்தில் ஏற்றியிருக்கும் புதிய பதிப்பில் அந்த இடத்தில் ‘நிறுத்தம் 1’ என்று இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்தால் அண்ணன் சிரிப்பாரே. ஏன் எடுத்தார்?

விளையாட்டாக இருக்கிறது என்று எடுத்திருப்பார். விடு.

15 ஜூலை

அம்மா கூலிம் கம்பெனியிலிருந்து வந்ததும் சாப்பாட்டு டப்பாவை டொக்கென்று வைத்தார். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் இப்போது எங்கள் செயலியைத்தான் பார்க்கிறார்களாம். தோட்டம் போய்த் தாமான் வீடுகள் வந்த பிறகும் நம் ஆட்கள் ‘ஆலைமுக்கு’, ‘மூனாங்கட்டை’ என்றுதான் சொல்கிறார்கள். வரைபடத்தில் அந்தப் பெயர்கள் கிடையாது. பழைய பெயரை எப்படி எழுதினாலும் பிடித்து, பஸ் எங்கே நிற்கும் என்று காட்டுகிற பகுதி நான் எழுதியது.

“எம்பிள்ள செஞ்சதுன்னு பெருமையா சொல்லிட்டேன். அந்தக் குணசுந்தரி போனத் தூக்கிக் காட்டுறா, ‘இதுல ரோனால்ட் பேருதானே இருக்கு அகத்தா’ன்னு. பஸ்ஸே சிரிச்சிச்சு. நீ உண்மையிலேயே செஞ்சியா, இல்ல சும்மா சொன்னியாடி?”

எனக்குச் சட்டென்று பேச வராது. அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாரே.

16 ஜூலை

பார்த்தேன். இது திறந்த மூலச் செயலி. யார் எதை எழுதினார்கள் என்று எவரும் பார்க்கலாம். பங்களித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டே பெயர். ஒன்று ரோனால்ட் அண்ணன். மற்றது ஒரு ரோபோ — பழைய பாகங்களைத் தானாகப் புதுப்பிக்கிற நிரல். நான் இல்லை.

என்னிடம் கணினி இல்லை. கைப்பேசியில் எழுதி டெலிகிராமில் அண்ணனுக்கு அனுப்புவேன். அவர் தம் கணக்கிலிருந்து ஏற்றுவார். ஏற்றுகிறவர் பெயர்தான் தானாக விழும். எழுதியது வேறு ஆள் என்றால் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரே வரி.

அப்பாவிடம் காட்டினேன். இடுப்பு உடைந்து அவர் படுத்தபோதுதான் படிவம் மூன்று வகுப்போடு பள்ளியை விட்டேன். அதிலிருந்து எதையும் அவரிடம்தான் சொல்வது.

“ரோபோவுக்கெல்லாம் பேரா? அதுக்கு ஐசி இருக்கா?”

ரோபோவுக்கு அடையாள அட்டையா! சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன்.

சுங்கைப் பட்டாணியில் எவலின் அக்கா நடத்தும் கணினி வகுப்பில் சேர எஸ்பிஎம் பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை. “நீ செஞ்சதக் காட்டு, போதும்மா” என்றார். எதைக் காட்டுவேன்?

20 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து, தேவாலய வாசலில் அண்ணனிடம் கேட்டேவிட்டேன்.

“எம்பேரு... ஏன் இல்லண்ணே?”

“நீதானே வேணாம்னு சொன்ன?”

சொன்னேன். முதல் தடவை அனுப்பியபோது, கூச்சத்தில். என் பெயர் வேண்டாம் என்றேன். உங்கள் பெயரைப் போடுங்கள் என்று எப்போது சொன்னேன்? — இது அங்கே வரவில்லை. இங்கே எழுதும்போதுதான் வருகிறது.

“நாம என்ன வேற வேறயா? வெள்ளிக்கிழம பினாங்குல பேசக் கூப்ட்டிருக்காங்க. மேடையிலயே உம்பேரச் சொல்றேன் லா. மூஞ்சத் தூக்காத.”

எனக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சொல்வார்.

25 ஜூலை, வெள்ளி

நேரலை. அப்பாவின் கட்டிலில் மூன்று பேரும். அண்ணன் நிரலைத் திரையில் போட்டுக் காட்டினார். கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: பழைய தோட்டப் பெயர்களை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

“அதுக்குத்தான் ரொம்ப நாள் மண்டைய ஒடைச்சிக்கிட்டேன்.”

கை தட்டினார்கள்.

யாரு மண்டைண்ணே? அடுப்புல சோத்த வச்சிட்டு, அப்பாவப் பொரட்டிப் படுக்க வச்சிட்டு நான் எழுதினதுண்ணே. எப்படி வாய் வந்துச்சு?

தங்கமணியை ஏன் எடுத்தார் என்று இப்போது தெரிகிறது. அண்ணன் வீட்டில் பூனை இல்லை.

அம்மா கைப்பேசியை வாங்கி அணைத்தார். “அவம்பேர இந்த வீட்டுல எடுக்காத.”

27 ஜூலை

அண்ணனிடமிருந்து செய்தி: “டிஃபனி, யான் டவுன் பக்கத்துப் பழைய பேரு எதுவும் மாட்ட மாட்டேங்குது. சீக்கிரம் பாத்து அனுப்பு லா, யாராச்சும் என்னக் கேக்குறதுக்குள்ள.”

பார்த்தேன். சின்னத் தப்புதான். பதில் போடவில்லை.

28 ஜூலை

சரிசெய்துவிட்டேன். அண்ணனுக்கு அனுப்பவில்லை.

எனக்கென்று ஒரு கணக்குத் திறந்தேன். பெயர் கேட்ட இடத்தில் டிஃபனி கிளாரன்ஸ் என்று அடித்தேன். அழித்தேன். மறுபடியும் அடித்தேன்.

‘நிறுத்தம் 1’ஐ எடுத்துவிட்டுத் தங்கமணி சிம்பாங் என்று போட்டேன். திருத்தத்தைச் செயலியின் பக்கத்திலேயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தேன். ஏற்பதா மறுப்பதா என்று அண்ணன்தான் அழுத்த வேண்டும். எதை அழுத்தினாலும் ஊருக்குத் தெரியும்.

விளக்கத்தில் எழுதியது: “பழைய பெயர்களைத் தேடும் பகுதியை எழுதியது நான். யான் வட்டாரப் பெயர்களுக்கான திருத்தம் இது. வரைபடப் பகுதி ரோனால்ட் எழுதியது.”

பிறகு அந்தப் பக்கத்தின் இணைப்பை எவலின் அக்காவுக்கு அனுப்பினேன்.