இரண்டாம் சனிக்கிழமை விதி

ஜூலை 12, சனி

இன்று விடுதிக் கூட்டத்தில் இருந்தவர்கள்: வார்டன் சிஸ்டர், மலையிலிருந்து வந்த பளியர் பழங்குடிக்காரர் செல்லன், அவர் மகள் ராணி, விடுதிப் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கும் நான்.

பெற்றோர் இரண்டாம் சனிக்கிழமை மட்டுமே பிள்ளையைப் பார்க்கலாம் என்று விதி எழுதிக் கொடுத்தவள் நான்தான். அடிக்கடி பார்த்தால் படிப்பில் மனம் நிற்காது என்று நினைத்தேன். போன புதன்கிழமை ராணியின் அம்மா தேனோடு வந்திருக்கிறாள். தேனை வாங்கிக்கொண்டு அவளை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

"காட்டுல ஏதும்மா சனிக்கிழமை? மழை விட்டா எறங்குவோம். பிள்ளைய கூட்டிட்டுப் போறேன்" என்றார் செல்லன்.

"எட்டாவது முடிக்கட்டும்ணே" என்றேன்.

"அம்புட்டு நாளும் அவ ஆத்தா வாசல்லயே நிக்கணுமா?"

வியாழக்கிழமை காலை இட்லிக்கு அந்தத் தேனைப் பரிமாறியது நான். யார் கொண்டுவந்தது என்று தெரியாமல் ராணி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

திங்கள்வரை பொறுக்கச் செல்லன் சம்மதித்தார். முடிவு வார்டன் சிஸ்டர் கையில்; விதியை எடுத்துவிடும்படி அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆண்டவரே, அதற்குள் பதில் வரச் செய்யும்.