மின்னாத பட்டை

நெய்வேலி

அன்புள்ள அப்பாவுக்கு, பாலகுமார் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

இத்துடன், இருட்டில் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை வைத்த ஒரு புது ஜாக்கெட் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது நான் கொடுத்ததை இனிமேல் போடாதீர்கள். போனில் சொன்னால், "பாத்துப் போய்க்கிறேன்டா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மைன்ஸில் காலைப் பனிமூட்டம். ஒரு டிப்பர் லாரி எனக்கு மிகப் பக்கத்தில் வந்து சடாரென்று நின்றது. டிரைவர் சிலம்பரசன் குதித்து இறங்கினார். "ஜாக்கெட்டு போட்டுக்கினுதான் நிக்கிறீங்க, பட்டை மின்னவே இல்லீங்களே!" என்று கத்தினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்பா. அவரைத்தான் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பட்டையில் பொடிப்பொடியாகக் கண்ணாடி மணிகள் இருக்கின்றனவாம். வண்டி வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவது அவைதானாம். இஸ்திரிச் சூட்டில் கெட்டுவிடும். பகலில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அம்மா என்னுடையதையும் உங்களுடையதையும் சேர்த்துத்தானே ஆசையாகத் தேய்த்தாள்? அவளிடம் சொல்லாதீர்கள், உடைந்துபோவாள். புதுசைத் தேய்க்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் டார்ச்சைக் கண்ணருகே பிடித்து, பழையது புதுசு இரண்டின் மேலும் அடித்துப் பாருங்கள். விடியுமுன் பால் கேனோடு நாலுவழிச் சாலையில் இத்தனை நாள் எதை நம்பிப் போனீர்கள் என்று தெரியும்.

கிளம்பும்போது ஒரு மிஸ்டு கால், பால் சங்கம் போய்ச் சேர்ந்ததும் இன்னொன்று கொடுங்கள். நான் எடுக்க மாட்டேன். இரண்டாவது வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

பாலகுமார்