வாழ்த்து மடலில் நின்ற பெயர்

என் கூடப் பிறந்த ஆசை அக்கா சிவகாமிக்கு,

உன் பெயரை எழுதிவிட்டேன். எழுதிய கையோடு வாசலைத் திரும்பிப் பார்த்தேன், பழக்க தோஷம். இனி யாரும் வந்து ஏன் எழுதினாய் என்று கேட்கப் போவதில்லை. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார், முந்தாநாள் கருமாதியும் முடிந்தது. உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்பது என் மாமியாரான அந்த அத்தை போட்ட சட்டம் என்று உனக்குத் தெரியுமா?

இங்கே சேதி ஒன்றும் நல்லதாக இல்லை. இரத்தோட்டையில் அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நிற்கிறோம். தோட்டத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பேர் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டிக் காத்திருக்கிறார்கள். காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகையும் மெலிந்துவிட்டது, குறுக்கெழுத்துப் போட்டி வருவது அத்தி பூத்தாற்போலத்தான். நீ இருந்திருந்தால் அரிசி இல்லாததைவிட அதற்குத்தான் அதிகம் கத்தியிருப்பாய்.

அப்பா கணக்கப்பிள்ளை என்பதால், தோட்ட ஆபீசில் எல்லாரும் படித்து முடித்த பத்திரிகை நம் வீட்டுக்கு வரும். சமையல் எக்கேடு கெட்டாலும் நீ முதலில் குறுக்கெழுத்தைத்தான் பார்ப்பாய். அது முடிந்ததும் உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையில் கரித்துண்டால் நீயே கட்டம் போடுவாய்.

ப கு தி
கு ம் மி
தி மி ர்

குறுக்கே படித்தாலும் நெடுக்கே படித்தாலும் அதே மூன்று சொற்கள். மூலையில் இருக்கும் முதல் எழுத்தை மாற்றினால் தகுதி, தொகுதி என்று வரும், கட்டம் கலையாது. திமிர் யாருக்கு என்று நான் கேட்டேன். உனக்குத்தான் என்றாய்.

என் பெயரை வைத்து ஒரு பாட்டுக் கட்டச் சொல்லி எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழே படித்தால் பெயர் வர வேண்டும். அதெல்லாம் செல்லம்மா என்ற பெயருக்கு நடக்காது என்று கையை விரித்துவிட்டாய். “நடுவுல புள்ளி வெச்ச ஒத்து ரெண்டு இருக்குடி. ஒத்துல எந்த வரி தொடங்கும்? என் பேரப் பாரு, நாலும் நல்ல எழுத்து” என்று சொன்னாய். அந்த நாலு எழுத்தில் உனக்கு எவ்வளவு பெருமை!

பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருக்கும் வேலாயுதத்துக்கு உன்னை நிச்சயம் செய்தார்கள். கூடப் பிறந்தவர்கள் வாழ்த்து மடல் அச்சடித்துப் பந்தலில் வாசிக்க வேண்டுமே. எனக்கும் தம்பிமாருக்கும் பாட்டு எழுத வருமா? உன் கல்யாண வாழ்த்தை எங்கள் பெயரில் நீயே எழுதினாய்.

சிந்தை குளிர்ந்திட ஊரெல்லாம் கூடிநின்று
வண்ண மலர்மாலை மாற்றிடும் இந்நாளில்
காலமெல்லாம் பிரியாமல் கைகோத்து எம்அக்காள்
மின்னும் விளக்காக மனைநின்று வாழ்கவே.

நன்றாக இருக்கிறது என்று அப்பா மாத்தளை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை மேலிருந்து கீழே படிக்கத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

எழுத்துக் கோத்து, அச்சேறுவதற்குள் உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்துவிட்டது. மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டே போன நீ, திரும்பி வரும்போது பேசவில்லை. கல்யாணத்தன்று எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்ததால் உனக்கு ஒரு படம்கூடக் கிடையாது, அக்கா.

பேசின சம்பந்தம் முறியக் கூடாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முடிவெடுத்தார்கள். உன் கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் உன் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். என்னைக் கேட்டார்களா என்று நீயும் கேட்காதே. மடலுக்கு மேலே உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரையும், கீழே தங்கை என்பதை எடுத்துவிட்டுத் தம்பிமார் என்றும் போடச் சொன்னார் அப்பா. “பாட்டுல ஒண்ணும் மாத்த வேணாம். அக்கான்னுதான இருக்கு, இவளும் பயலுகளுக்கு அக்காதான” என்றார்.

பந்தலில் பெரிய தம்பி அதை வாசித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் கேட்டேன். கழுத்தில் ஏறியது என் தாலியா, உன் தாலியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மடலுக்குக் கண்ணாடி போட்டு, இங்கே வாசலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள்.

எனக்குப் பிறந்த முதல் பிள்ளை ஆண். முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டது. அத்தை கோடாங்கியைக் கூட்டி வந்தார். அவன் உடுக்கையை அடித்து, கன்னியாகச் செத்தவள் பொறாமையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள் என்றான். அவள் பெயர் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதை வெளியே போட்டால்தான் அடுத்தது தங்கும் என்றும் சொன்னான். நான் இங்கே கொண்டு வந்திருந்த உன் சேலை, நீ கட்டம் போட்ட பலகைகள், நீ வெட்டி வைத்த குறுக்கெழுத்துகள் எல்லாவற்றையும் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். அன்றைக்குத்தான் உன் பெயரைச் சொல்லக் கூடாது என்றும் ஆயிற்று. நான் சுவரைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

பிறகு மல்லிகா பிறந்தாள், தங்கினாள். நாலு வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்து உடம்பு வெட்டி இழுத்தது. அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஒங்க அக்கா சாமான் இன்னும் என்னடி ஒளிச்சு வெச்சிருக்க? பிள்ள சாகப் போவுது, சொல்லுடி” என்றார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன்னைச் சுவரிலிருந்து இறக்கினால் என் பிள்ளை பிழைத்துவிடுவாள் என்று நானும் ஒரு நொடி நம்பினேன். நம்பாமல் இருக்க நான் என்ன கல்லா? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து லொறியில் ஏறினேன். இரத்தோட்டையில் இறங்கி மாத்தளை பஸ்ஸைப் பிடித்தேன். நீ செத்த அதே ஆஸ்பத்திரிதான். வழி நெடுக உன்னைக் கெஞ்சினேன், திட்டவும் செய்தேன்.

உயிர் பிழைத்தாள். இரண்டு காதும் போய்விட்டன. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அவளுக்குக் காது கேட்டிருக்குமா? கோடாங்கி சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இந்தக் கேள்வி போகமாட்டேன் என்கிறது. உன்னை வெறுத்த நாட்களும் உண்டு, மறைக்க மாட்டேன்.

காது போனவளைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளவில்லை. நான்தான் தரையில் கரியால் கட்டம் போட்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். எதைக் கண்டாலும் குறுக்கேயும் நெடுக்கேயும் பார்ப்பாள், அப்படியே உன் கண். கற்ற பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குழறிப்போய், இப்போது எனக்கு மட்டும்தான் புரிகிறது. தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது.

கருமாதியன்று வீடு நிறைய சனம். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தோம். மல்லிகா சுவருக்கு முன்னால் நின்று கண்ணாடியில் விரலை வைத்து, மேலிருந்து கீழே இழுத்து, சத்தமாகப் படித்தாள். சி... வ... கா... மி.

அந்த நாலு எழுத்தும் எல்லாருக்கும் புரிந்தது. கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து அவள் விரல் போன வழியே படித்தார். “இது இவ்ளோ நாளா இங்கயா இருந்துச்சு?” என்று கேட்டார். தாலி கட்டின அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றேன். அத்தையின் தங்கை எழுந்து நின்று, அதைக் கழற்றி வெளியே எறியச் சொன்னார். வீட்டுக்காரர் கை ஆணியிடம் போய்விட்டது.

“கழட்டுங்க. அது போற வழியில நானும் எம் புள்ளையும் போறோம்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் என்னைப் பார்த்தார், மல்லிகாவைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டு இலையில் போய் உட்கார்ந்தார். யார் இது என்று மல்லிகா என்னைக் கேட்டாள். பெரியம்மா என்று உதட்டை அசைத்துச் சொன்னேன்.

நேற்றிலிருந்து அவளுக்கு இதுவே வேலை. அடுப்படியில், பைப்படியில், தொழிலாளர் லயத்துக்குப் போகும் பாதையில் என்று போகிற இடமெல்லாம் சிவகாமி, சிவகாமி என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறாள். சனம் வெளியே வந்து பார்க்கிறது. மெதுவாகச் சொல் என்று அவளிடம் நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உன் ஒரே தங்கை,
மல்லிகாவின் அம்மா
செல்லம்மா