சத்தம் போடாத மெஷின்

தவுவா, பிஜி
ஜூன் 1988

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

ஆக்லாந்தில் குளிர் அதிகமா? போன வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து இங்கே ரோட்டில் நின்ற பட்டாளத்துக்காரர்கள் குறைந்துவிட்டார்கள்.

புல் வெட்டும் மெஷினை விற்றுவிட்டு, பிள்ளைகளோடு விமானம் ஏறச் சொல்லி எழுதியிருந்தீர்கள். தேய்ந்த பேரிங்கோடு அது கத்தினால் யார் வாங்குவார்கள்? நீங்கள் எப்போதும் புது பேரிங்கைச் சுத்தியலால் அடித்தே ஏற்றுவீர்கள். அதனால்தான் வருடத்துக்கு ஒன்று போனது. நான் அது சுருங்கட்டும் என்று முந்தின நாளே ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அது உட்காரும் இரும்புக் கூட்டை விரியட்டும் என்று விறகடுப்பில் சூடாக்கினேன். தட்டாமலே உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

வாங்க வந்த சுரேந்திரா ஓட்டிப் பார்த்தார்.

"சத்தமே இல்லையே. இன்னிக்கே எடுத்துக்கட்டுமா?"

"இன்னும் புல்லு வெட்ட வேண்டியிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

விசாத் தாள்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

தீபாவளிக்கு நீங்கள் வரும்போது அங்கிருந்து ஒரு பேரிங் வாங்கி வாருங்கள். மெஷினில் அடுத்த பக்கத்து பேரிங்கும் தேய ஆரம்பித்திருக்கிறது.

நம் வீட்டிலிருந்து,
உங்கள் வீட்டுக்காரி