மீசை வழியே கசிந்த காற்று

மச்சி,

நேற்று அடையாறில் ஒரு கடையில் புது மாஸ்க் ஒன்றின் உறையைப் பிரித்தார்கள். அந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். எனக்கும் இப்போது உன் வியாதிதான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். கடைக்காரப் பெண் தினுசு தினுசாக மேசையில் பரப்பி, "படுத்துப் பாத்து எடுங்க அங்கிள், உக்காந்து பாத்தா தெரியாது" என்றாள். வியாபாரம் தெரிந்த பெண். இப்போது எல்லா முகத்துக்கும் ஒன்று இருக்கிறது. உன் காலத்தில் தேர்ந்தெடுக்க ஏது?

தொண்ணூறுகளில் தி.நகரில் நம் இரண்டு கடைக்கும் நடுவே ஒரே சுவர். என் பக்கம் பையும் சூட்கேசும், உன் பக்கம் எவர்சில்வர். வந்தவர்கள் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ கல்லாவில் தூங்கிப்போவாய். தெருவே சிரிக்கும், நானும்தான். பனகல் பார்க் சிக்னலில் பச்சை விழுந்தும் நீ ஸ்கூட்டர் மேலேயே தூங்கினாயே, அன்றைக்குப் பின்சீட்டில் இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. மயிலாப்பூர் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "தூங்கறப்ப மூக்குல மாஸ்க் மாட்டி, மெஷின் காத்து உள்ள போகணும். இல்லேன்னா நின்ன மூச்சு ஒருநாள் திரும்பாமலே போயிடலாம்."

உன் அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து மெஷின் கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு மாஸ்க். அது உன் முகத்தில் படியவே இல்லை. புஸ் புஸ் என்று காற்று வெளியேறிக் கண்ணில் அடித்தது. வாரை இறுக்கினால் மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அசோக் நகரில் உன் வீட்டுக்கு வந்தேன். பைகளுக்கு வைக்கிற வார், ஸ்பாஞ்சு, பக்கிள் எல்லாம் எடுத்து வந்திருந்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா, "இன்னாடா, தும்பிக்கைய மாட்டிக்கினு படுத்துக்கினு கீறான்?" என்றார். வாரை மாற்றினேன், ஸ்பாஞ்சு வைத்தேன். கசிவு நிற்கவில்லை. கடைசியில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மாஸ்க்கைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோனேன். கன்னத்துப் பக்கம் புகை நேராக நின்றது. மேலுதட்டுக்கு வந்ததும் பிய்த்துக்கொண்டு பறந்தது.

"மச்சி, ஆளு மாட்டிக்கினான். உன் மீசைதான்."

நீ மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தாய். அம்மா காதில் விழாதபடி, "அம்மா உசுரோட கீறப்போ மீசைய எடுக்க மாட்டேன்டா. வேற வழி பாரு" என்றாய்.

"மூச்சு பெருசா, மீசை பெருசா?"

"அம்மா பெருசு."

பெற்றவர் போனால்தான் மீசை எடுப்பது என்று வளர்ந்தவர்கள்தானே நாம் இருவரும். மெஷின் மூலைக்குப் போனது. நீ மறுபடி கல்லாவில் சாய்ந்தாய். ஒருநாள் ஸ்டூலிலிருந்து சரிந்து, அண்டா விளிம்பில் நெற்றியை உடைத்துக்கொண்டாய். நான் உன்னைக் கேட்காமல் நேராக அம்மாவிடம் போய்விட்டேன். சரக்கு நகரவில்லையென்றால் முதலாளியிடம் பேசுவதுதான் என் பழக்கம். நீ கோபித்துக்கொண்டாய், கோபித்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

அம்மா முழுதும் கேட்டார். அன்று மாலை நீ வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "டேய், அந்த மீசைய யாருக்குடா வச்சிக்கினு கீற?" என்றார்.

நீ என்னை முறைத்தாய்.

"அவன இன்னாத்துக்கு முறைக்கிற? நான் போனா எனக்குத்தான குடுக்கப் போற? இப்பவே குடு. கண்ணால பாத்து வாங்கிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு நாவிதரை வீட்டுக்கே வரவழைத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார் அம்மா. நீ கண்ணை மூடிக்கொண்டாய். "இந்தப் பக்கம் கொஞ்சம் வுட்டுட்ட பாருப்பா" என்று வேலை வாங்கினார். முடிந்ததும் உன் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "எங்கண்ணன் மாதிரியே கீறான்" என்றதோடு சரி.

அன்று மத்தியானம் மாஸ்க் பச்சென்று உட்கார்ந்தது. சத்தமே இல்லாமல் தூங்கினாய். அத்தனை வருஷம் உன் குறட்டையைக் கேட்டுப் பழகிய அம்மாவுக்கு அந்த அமைதி பயமாகிவிட்டது. "மூச்சு வருதா பாருடா" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். உன் நெஞ்சு ஏறி இறங்குவதைக் காட்டினேன். பொழுது சாயும்வரை அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மறுநாள் தெருவே கைகட்டி உன் கடை முன் நின்றதே. பாத்திர மொத்த வியாபாரி ஒருவர் மாலையோடு வீட்டுக்கே போய்விட்டார். கதவைத் திறந்த அம்மா, "மாலைய சாமி படத்துக்குப் போட்டுட்டு காபி சாப்ட்டுப் போ" என்றாராம்.

வருஷங்கள் கழித்து அம்மா நிஜமாகவே போனார். உன் தலையை மழித்து முடித்த நாவிதர், ஒன்றும் இல்லாத உன் மேலுதட்டைப் பார்த்து நின்றார். "மீசை எங்கடா?" என்று உன் பெரியப்பா அதட்டினார்.

"அம்மா எப்பவோ வாங்கிக்கினாங்க பெரியப்பா." அதுவரை அழாதவன் அப்போதுதான் அழுதாய்.

இப்போது நீயும் இல்லை. தெரிந்தவன் எவனாவது திடீரென்று மீசையில்லாமல் கடைக்கு வந்தால், மற்றவர்கள் முகத்தைச் சோகமாக்கிக்கொள்கிறார்கள். நான் மட்டும், "அம்மா சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறேன்.