மணல் தீவுக்கு ஒரு சாமத்திய வீடு

என் தங்க மச்சாள் தனுவுக்கு,

தங்கம் என்று எழுதிவிட்டேன். பழக்கதோஷம். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

உன்னுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி சில்க்போர்க் மண்டபத்தில் நடந்தது. சனம் நிறைய. உன் படத்துக்குப் பெரிய மாலை. மேடையில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: அடக்கமான பிள்ளை. பனி உறைந்த டெனிஷ் தெருவில் சறுக்கி, முதியோர் இல்லத்துக்குக் காலை வேலைக்குப் போகும் வழியில், இருபத்தேழு வயதில் போய்விட்ட ஒருத்தியைப் பற்றி இவர்களுக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான். நான் பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எந்தத் தனுவைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு குசினிக்குப் போனேன். அங்கே என் அம்மா, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களுக்கு உன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தா.

"தனு மாதிரி ஒரு பிள்ளை இனிப் பிறக்குமோ? என்ர இவள் அவுஸ்திரேலியாவிலை ஜீப் ஓட வெளிக்கிட்டவள். தனு அண்டைக்கு ஒரு போன் எடுத்திராட்டி எங்கடை மானம் கப்பலேறியிருக்கும்."

"ஆர் போன் எடுத்தது?" என்று கேட்டேன்.

அம்மா திரும்பிப் பார்த்தா. "ஏன், தனுதான். இனி மறைச்சு என்ன? 'மாமி, நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ. மயூதான் போகவேணும் எண்டு நிண்டு பிடிக்கிறாள், எனக்கு மாட்டன் எண்டு சொல்லப் பயமாக் கிடக்கு' எண்டு அழுதவள், பாவம்."

கையில் சாம்பார் வாளி இருந்தது. அதைக் கீழே வைத்தேனா, யாரும் வாங்கினார்களா, ஞாபகம் இல்லை.

தனு, நானா நின்று பிடித்தேன்? உலகத்திலேயே பெரிய மணல் தீவு ஒன்று அவுஸ்திரேலியாவில் இருக்கிறது, அங்கே தார் ரோட்டே இல்லை, கடற்கரைதான் ரோட்டு என்று வீடியோவைக் கொண்டுவந்து காட்டியது யார்? "நாலு சில்லும் இழுக்கிற ஜீப் ஒண்டு, நீயும் நானும். ஒரு ஆம்பிளையும் வேண்டாம்" என்று சொன்னது யார்? கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் ஓடவேண்டும், பெருகும்போது ஓடினால் வண்டியே போய்விடும் என்று என்னை உட்காரவைத்துப் படிப்பித்தது யார்?

சாமத்திய வீட்டுப் பொய்யும் உன்னுடையதுதான். எங்கள் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. கலியாணம், திருவிழா, செத்த வீடு, இவற்றுக்குப் போகலாம். அதனால், உன் அப்பாவின் தங்கை, அந்தப் பிறிஸ்பேன் மாமியின் மகள் பெரியபிள்ளையானதற்குக் கொண்டாட்டம், சாமத்திய வீடு என்று சொன்னோம். அந்தப் பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன்பே பெரியபிள்ளையாகி, வீட்டில் தண்ணீர் வார்த்த புகைப்படமும் எல்லோருக்கும் வந்துவிட்டது. நாங்கள் அவளை மறுபடியும் பெரியபிள்ளையாக்கினோம். அம்மா சந்தேகப்பட்டபோது நீ அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்: "கொண்டாட ஹோல் கிடைக்கேல்லையாம் மாமி, அதுதான் பிந்தி." அம்மா அந்தப் பிள்ளைக்குப் பாவாடைத் துணியும் வாங்கிவிட்டா!

ஃபானோ தீவுக் கடற்கரையில் ஒத்திகை பார்த்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எஸ்பியர்க்கில் இருந்து படகில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். என்னோடு வேலை செய்பவனின் பழைய ஜீப். மணல்மேட்டுப் பக்கம் நான் தெரியாமல் ஏற்றிப் புதைத்துவிட்டேன். நீ இறங்கி டயருக்குப் பக்கத்தில் குந்தினாய்.

"காத்தைத் திறந்து விடடி விசரி. டயர் தட்டையாக் கிடந்தாத்தான் மணல் விடும்."

"எவ்வளவு விடுறது?"

"பாதிக்குப் பாதி. உன்னிலையும் கொஞ்சம் திறந்து விட்டால் நல்லது, அவ்வளவு காத்து."

வண்டி வெளியே வந்ததும் நீ ஜன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்தினாய். நாய் கூட்டிக்கொண்டு நடந்த டெனிஷ் கிழவர் ஒருவர் கைதட்டினார். அந்தச் சத்தம் பயந்த பிள்ளையின் சத்தமா?

வீட்டில் விஷயம் வெடித்தபோது அப்பா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அம்மா படுத்த படுக்கை. நீ இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து என் கட்டிலில் இருந்தாய். "ஆரோ எரிச்சல் பிடிச்சதுகள் சொல்லிப்போட்டுதுகள் மயூ. ஆளைக் கண்டால் செருப்பாலை அடிப்பன்" என்றாய். நான் தர்சன் அண்ணாவைச் சந்தேகித்தேன். என் பெரியப்பா மகன், அவன் ஒருவனுக்குத்தான் எங்கள் திட்டம் தெரியும் என்று நினைத்தேன். நீ தலையை ஆட்டினாய், தனு. ஓம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாய். பிறகு, "இந்த முறை விடுவம். அடுத்த வருசம் பாப்பம்" என்றாய். நீயே சொன்னபிறகு எனக்கும் மனம் விட்டுப்போயிற்று. விட்டேன். எஸ்பியர்க்குக்கு வீடு மாறினேன். அண்ணாவோடு கதைப்பதையும் விட்டேன்.

போன கிழமை அவனுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். "நானெண்டால் உன்ர மூஞ்சைக்கு நேரயே சொல்லியிருப்பன்" என்றான். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ அம்மாவுக்குப் போன் எடுத்த அந்த மாதம்தான் லண்டன் மாப்பிள்ளை வீட்டார் உன்னை விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அது காரணமா? எங்கள் சனத்துக்குள் ஒரு பெண் எப்படிப்பட்டவள் என்பதை அவளிடம் கேட்பதில்லை. நாலு வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்கிறார்கள். இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே வரி கட்டினாலும் அந்த நாலு போன்தான் நாங்கள். அது எனக்குத் தெரியாதா? பயந்துவிட்டேன் என்று நீ என்னிடம் சொல்லியிருந்தால் நான் உன்னை ஏசியிருப்பேன், பிறகு விட்டிருப்பேன். தமிழ், டெனிஷ் என்று இரண்டு பாஷை இருந்தது உனக்கு. வேண்டாம் என்ற ஒரு சொல் இரண்டிலும் கிடைக்கவில்லையா? கடைசியில் அந்த மாப்பிள்ளை வீடும் வேறு இடம் பார்த்தது. பிறகென்றாலும் சொல்லியிருக்கலாமே? செத்துப்போய், கேள்வி கேட்கவும் முடியாமல் ஆக்கிவிட்டாய். இது இரண்டாவது துரோகம்.

சரி, இப்போதைய செய்தி. விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். ஜீப்பும் பதிவு செய்தாயிற்று. இந்த முறை பொய் இல்லை. அம்மாவுக்கு நேரே சொன்னேன்.

"தனியப் போறன் அம்மா."

"தனியவோ? ஆரோடை?"

"தனிய எண்டால் தனியத்தான்."

"சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"சாமத்திய வீடெண்டு சொல்லுங்கோ."

அம்மா அடுப்பை நிற்பாட்டினா. பிறகு, "மணலிலை புதைஞ்சால் ஆர் வந்து இழுக்கிறது?" என்று கேட்டா. அதைப் பார்த்துவிடத்தான் ஞாயிற்றுக்கிழமை அதே பழைய ஜீப்பில் ஃபானோவுக்குத் தனியாகப் போனேன். அதே மணல்மேட்டில் வேண்டுமென்றே புதைத்தேன். குந்தியிருந்து காற்றைத் திறந்துவிட்டேன், சில்லுக்கு முன்னால் மணலைத் தோண்டினேன். அரை மணித்தியாலம் அழுகையும் ஏச்சும். ஏச்சு முழுக்க உனக்குத்தான். வண்டி வெளியே வந்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். வரவில்லை. அந்தத் தீவில் பக்கத்து இருக்கையை உனக்கென்று விட்டுவைக்கவும் மாட்டேன். அதில் தண்ணீர்க் கலன் இருக்கும்.

ஆனால் ஒன்று. நீ என்னைக் காட்டிக்கொடுத்தாய். நானும் உன்னைக் காட்டிக்கொடுப்பேன். வருடம் முடிந்து உன் ஆட்டத் திவசத்துக்கு அந்த மண்டபத்தில் யாராவது அடக்கமான பிள்ளை என்று தொடங்கினால், நான் எழும்பி ஒலிவாங்கியை வாங்கி ஃபானோவைச் சொல்வேன். ஜன்னலைச் சொல்வேன், நீ கத்தியதைச் சொல்வேன். பிறிஸ்பேன் பிள்ளையை இரண்டாந்தரம் பெரியபிள்ளையாக்கியது நீதான் என்பதையும் சொல்வேன். உன் அம்மா முன்னால், என் அம்மா முன்னால்.

இது சத்தியம். முடிந்தால் வந்து தடுத்துப் பார்.

நீ காட்டிக்கொடுத்த உன் மச்சாள்,
மயூரி